ஊசியின் இலக்கணம்: சீனப் பூத்தையல் மரபும் நவீன வடிவமைப்பும்

சீனப் பூத்தையலை நவீன வடிவமைப்போடு இணைத்துப் பேசும் எழுத்துகளில் 'கலப்பு' என்னும் சொல் தடையின்றிப் புழங்குகிறது. டிராகன் உருவம் பொறித்த கைப்பை, தாமரை தைத்த காலணி, அருங்காட்சியகத்தில் நிறுத்தப்படும் பட்டுத்திரை, ஆடையலங்கார மேடையில் நீளும் அங்கி ஆகிய அனைத்தும் இவ்வொரு சொல்லின்கீழ் அடக்கப்படுகின்றன. எது எதனோடு கலக்கிறது, கலந்தபின் எது எஞ்சுகிறது, கலப்பின் அளவை முடிவு செய்பவர் யார் என்னும் மூன்று வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஒரு படைப்பை மரபின் தொடர்ச்சி என்றோ மரபின் சிதைவு என்றோ கூறுவது பொருந்தாது.

சீனப் பூத்தையலின் மரபு, அதில் இடம்பெறும் உருக்களைவிட அவற்றை உருவாக்கும் தையல்முறைகளிலேயே பெரிதும் நிலைகொண்டுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. மொழியோடு ஒப்பிட்டால், உரு சொல்லைப் போன்றது. தையல்முறை இலக்கணத்தைப் போன்றது. சொற்கள் காலந்தோறும் வரும், போகும். இலக்கணத்தை அறிந்தவரே அதனை விரிக்கவும் நெகிழ்த்தவும் வல்லவர். ஆகவே, நவீன வடிவமைப்பு மரபோடு உண்மையாக இணைந்துள்ளதா என்பதை அறிய, ஊசி பிடித்தவர் அங்கு முடிவெடுப்பவராக இருந்தாரா என்று பார்ப்பதே தகுந்த அளவுகோலாகும். மரபு, வழக்கு, புதுமை ஆகிய கருத்தாக்கங்களை நெடுங்காலமாக விவாதித்துவரும் தமிழாய்வுலகிற்கு, வேறொரு பண்பாட்டின் கைவினையில் அவை செயற்படும் முறையைக் காண்பது பயனுடையது.

தூய மரபு என்னும் கற்பனை

நவீனம் வந்து தீண்டும்வரை சீனப் பூத்தையல் மாறாதிருந்தது என்னும் எண்ணத்திற்குச் சான்றுகள் இடந்தரவில்லை. ஹூபெய் மாகாணத்தின் சியாங்லிங் பகுதியில் மாஷான் என்னுமிடத்தில் 1982ஆம் ஆண்டு அகழப்பட்ட சூ நாட்டுக் கல்லறையில் கிடைத்த பட்டாடைகள் போரிடும் நாடுகளின் காலத்தைச் சேர்ந்தவை. டிராகன், பீனிக்ஸ், புலி ஆகிய உருக்கள் அவற்றில் சங்கிலித் தையலால் அமைந்துள்ளன. 1972ஆம் ஆண்டு ஹுனான் மாகாணத்தின் சாங்ஷாவில் திறக்கப்பட்ட மவாங்துய் முதற்கல்லறை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கும் சங்கிலித் தையலே முதன்மை பெற்றது. அக்கல்லறையில் கிடைத்த மூங்கில் பட்டியல்கள், பூத்தையல் வகைகளை நீள் ஆயுள், முகில் ஊர்தல் என்னும் பொருள்படும் பெயர்களால் குறிப்பிடுகின்றன. பூத்தையலுக்கென வகைப்பெயர்கள் எழுத்தில் நிலைபெறும் அளவிற்கு அக்காலத்திலேயே அக்கலை வளர்ந்திருந்தது என்பதை இதனால் அறியலாம்.

பிற்காலத்தில் பூத்தையலின் முதன்மை வழி இச்சங்கிலித் தையலன்று. இழைகளை அருகருகே படுக்கவைத்துப் பரப்பை நிரப்பும் சாட்டின் தையலும் அதன் கிளைகளும் மேலோங்கின. அந்த மாற்றமே ஓவியத்தின் நிறப்படிநிலைகளைத் துணியில் காட்டும் ஆற்றலை ஊசிக்கு அளித்தது. இன்று 'மரபு' எனப் போற்றப்படுவது, முன்னிருந்த ஒரு மரபின் இடத்தைப் பிடித்த புதுமையே ஆகும்.

அயலார் விருப்பத்திற்கேற்ப வடிவமைப்பதும் புதிதன்று. குவாங்சௌ நகரில் தைக்கப்பட்ட பட்டுச் சால்வைகள் பிலிப்பைன்ஸ் வழியாக எசுப்பானியச் சந்தைகளுக்குச் சென்றமையால் 'மணிலா சால்வை' எனப் பெயர் பெற்றன. காலப்போக்கில் அவற்றில் சீனக் கோபுரங்களும் மாந்த உருவங்களும் குறைந்து, ஐரோப்பியர் விரும்பிய பெரிய ரோசா மலர்கள் மிகுந்தன. 19ஆம் நூற்றாண்டில் குவாங்சௌவோடு வணிகம் செய்த பார்சி வணிகர்கள் சேலையளவிற்குத் தைக்கப்பட்ட பட்டுகளை மும்பைக்குக் கொணர்ந்தனர். 'காரா' எனப்படும் அச்சேலைகளில் கொக்கும் பியோனி மலரும் பாலமும் இந்திய உடைமரபிற்குள் புகுந்தன. வாங்குபவர் மாறினர், உருவும் துணியின் அளவும் மாறின. எனினும் அச்சேலைகளும் சால்வைகளும் சீனத் தையலின் படைப்புகளாகவே அறியப்படுகின்றன. அவ்வடையாளத்தைக் காத்தது உரு அன்று. தையலின் ஒழுங்கே அதனைக் காத்தது.

தையல்முறை என்னும் இலக்கணம்

சியாங்சு மாகாணத்தின் சூசௌ, ஹுனான், குவாங்டாங், சிச்சுவான் ஆகிய நான்கு நிலப்பகுதிகளின் பூத்தையல் மரபுகள் சீனத்தின் நான்கு பெரும் பூத்தையல்களாக வழங்கப்படுகின்றன. நான்கும் 2006ஆம் ஆண்டு வெளியான தேசிய அருவப் பண்பாட்டு மரபுரிமையின் முதற்பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைப் பொதுவாகப் பூனை, புலி, மயில், பாண்டா என உருக்களைக்கொண்டு வேறுபடுத்துவதுண்டு. அது மேலோட்டமான பகுப்பாகும். ஹுனான் மரபின் தனித்தன்மை புலியை வரைவதில் இல்லை. இழையின் ஒருமுனை செறிந்தும் மறுமுனை விரிந்தும் அமையுமாறு தைத்து, விலங்கின் மயிர் சிலிர்த்து நிற்பதைக் காட்டும் தையலில் அது உள்ளது. சிச்சுவான் மரபு நிறம் நிறத்தோடு கரையும் தையலால் சிறப்புறுகிறது. குவாங்டாங் மரபு பொன்னிழையையும், அடியில் பஞ்சோ நூலோ வைத்து உருவை மேலெழச் செய்யும் முறையையும் வளர்த்தது. அங்கு ஆடவரும் தொழில்முறைப் பூத்தையலராக இருந்தனர்.

சூசௌ மரபில் ஒரு பட்டிழையைப் பதினாறில் ஒரு பங்காகவும் அதனினும் நுண்ணிதாகவும் பிரித்துத் தைப்பர். மீனின் வாலுக்கு எத்தனை பங்கு, பூனையின் கண்ணுக்கு எத்தனை பங்கு என்பதைத் தைப்பவரே முடிவு செய்ய வேண்டும். இருபக்கப் பூத்தையலில் முடிச்சு வெளியே தெரியாது. இழையின் தொடக்கமும் முடிவும் பிற இழைகளுக்குள் மறைக்கப்படுவதால் துணியின் இருபுறமும் முகப்பாகின்றன. இழையின் கனம், தையலின் நீளம், அதன் திசை, ஒளி படும் கோணம் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரே நிறப் பட்டிழை கிடையாகத் தைக்கப்படும்போது ஒரு சாயலையும் நெடுக்காகத் தைக்கப்படும்போது வேறொரு சாயலையும் தரும். இவ்வுறவுகளின் தொகுதியையே இங்கு இலக்கணம் எனக் குறிப்பது.

ஷென் ஷோவும் எழுதப்பட்ட நூலும்

நவீனத்தோடு நிகழ்ந்த சந்திப்புகளில் மிகப் பயனுடையது ஒரு பூத்தையற் கலைஞராலேயே நிகழ்ந்தது. சூசௌவில் பிறந்த ஷென் ஷோ (1874–1921), பேரரசி சிக்சியின் எழுபதாம் பிறந்தநாளுக்கு 1904ஆம் ஆண்டு வழங்கப்பட்ட படைப்புகளால் அரசவையின் பாராட்டைப் பெற்றவர். நீள் ஆயுளைக் குறிக்கும் 'ஷோ' என்னும் எழுத்து அப்பேரரசியால் அவருக்குப் பெயராக அளிக்கப்பட்டது. அதன்பின் சப்பானுக்குச் சென்ற அவர், மேலை ஓவியத்தின் ஒளிநிழல் முறையைத் தழுவி அங்கு வளர்ந்திருந்த பூத்தையலைக் கண்டார். நாடு திரும்பியபின் மேலை ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் மூலமாகக்கொண்டு, உருவத்தின் போக்கிற்கேற்பத் தையலின் திசையைத் திருப்பியும் நிறப்படிநிலைகளைப் பெருக்கியும் மெய்யுருப் பூத்தையல் என்னும் வழியை உருவாக்கினார். அவர் தைத்த இத்தாலிய அரசி எலெனாவின் உருவம் 1911ஆம் ஆண்டு தூரின் கண்காட்சியிலும், இயேசுவின் உருவம் 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிசுகோவில் நடைபெற்ற பனாமா–பசிபிக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டுப் பெருமை பெற்றன.

இவ்விரு படைப்புகளிலும் சீனத்தின் மரபுரு ஒன்றும் இல்லை. உருவைக்கொண்டு மரபை அளப்பவர் இவற்றை அயல்நாட்டு ஓவியத்தின் படிகள் என ஒதுக்க நேரும். ஆனால் இழைப்பிரிப்பு, தையற்செறிவு, நிறக்கலவை ஆகிய அனைத்தும் சூசௌவின் முறைகளே. புதிய பொருளைச் சொல்வதற்காக அம்முறைகள் விரிவடைந்தன. சொல் அயலிலிருந்து வந்தது. இலக்கணம் தன் நிலத்திலேயே வளர்ந்தது.

தொழிலதிபரும் அறிஞருமான சாங் சியான், 1914ஆம் ஆண்டு நான்தோங்கில் தொடங்கிய பெண்கள் பூத்தையற் பள்ளியின் பொறுப்பை ஷென் ஷோவிடம் ஒப்படைத்தார். பின்னர் நோயுற்ற ஷென் ஷோ தம் அறிவை வாய்மொழியாகக் கூற, சாங் சியான் அதனை எழுதினார். 'சுயேஹுவான் ஷியூபு' என்னும் அந்நூல் 1919ஆம் ஆண்டு வெளிவந்தது. கருவிகளில் தொடங்கித் தையல் வகைகள், செய்முறைக் குறிப்புகள், கலைஞர்க்குரிய ஒழுக்கம் எனப் பல இயல்களாக அது அமைந்துள்ளது. பதினெட்டுத் தையல் வகைகளை அது பெயரிட்டு விளக்குகிறது. கையிலும் கண்ணிலும் இருந்த அறிவு, அதனை உடையவரின் கூற்றாகவே எழுத்து வடிவம் பெற்றமை இங்குக் கருதத்தக்கது. கைவினைஞரை ஆய்வுப்பொருளாக மட்டும் கொள்ளாமல் நூலாசிரியராக ஏற்ற முயற்சி இது. இன்று கைவினைகளை ஆவணப்படுத்த முனையும் நிறுவனங்கள் பலவற்றில் இந்நிலை இன்னும் எட்டப்படவில்லை.

மொழிபெயர்ப்பாளரும் ஏடெழுதுவோரும்

ஓவியத்தைப் பார்த்துத் தைக்கப்படும் பூத்தையல் படியெடுத்தலா, படைப்பா என்னும் வினா சீனக் கலைவரலாற்றில் பழையது. மிங் காலத்துச் சாங்காயில் கூ குடும்பத்தைச் சேர்ந்த ஹான் சிமெங், சொங், யுவான் காலத்து ஓவியங்களைத் தழுவி 1634ஆம் ஆண்டு எட்டு ஏடுகள் கொண்ட பூத்தையல் தொகுப்பை நிறைவு செய்தார். அக்காலத்தின் முதன்மையான ஓவியரும் திறனாய்வாளருமான தோங் சிசாங் அதற்குப் பாராட்டுரைகள் எழுதினார். ஓவியத்தின் நிழலாக அன்றித் தனிக்கலையாக அத்தொகுப்பு மதிக்கப்பட்டது.

இந்நிலையை விளக்கத் தமிழ்மரபின் பகுப்பொன்று உதவும். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. ஓவியத்தை முதல்நூலாகக் கொண்டால், அதன்வழித் தோன்றும் பூத்தையல் மொழிபெயர்ப்பு வகையைச் சார்ந்த வழிநூலாகும். தூரிகையின் ஈரம் ஊசிக்கு இல்லை. பட்டின் ஒளிர்வு மைக்கு இல்லை. ஒன்றின் ஆற்றலை மற்றொன்றின் ஆற்றலால் ஈடுசெய்பவரே மொழிபெயர்ப்பாளர். அவருக்குத் தம் மொழியில் உரிமை வேண்டும். மூலத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுபவர் ஏடெழுதுவோர் மட்டுமே.

இலக்கணத்தை மீறும் உரிமையும் மொழிபெயர்ப்பாளருக்கே உரியது. யாங் ஷோயூ (1896–1981) மேலை ஓவியம் கற்ற பூத்தையற் கலைஞர். இழைகள் இணையாகவும் செறிவாகவும் அமைய வேண்டும் என்னும் நெடுங்கால விதியை அவர் கைவிட்டார். நீளமும் திசையும் வேறுபட்ட தையல்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கடுக்காக இட்டு, நெய்வண்ண ஓவியத்தின் தூரிகை வீச்சை நினைவூட்டும் ஒழுங்கிலாத் தையலை உருவாக்கினார். தோற்றத்தில் இது பழைய விதிக்கு நேர்மாறானது. ஆயினும் விதியின் பயனை உள்ளிருந்து அறிந்தவர் செய்த மாற்றமாதலின், அது புதிய விதியாகவே நிலைபெற்றுத் தலைமுறை கடந்து கற்பிக்கப்படுகிறது.

இன்றைய கலப்பின் மூன்று நிலைகள்

இந்த அளவுகோலைக்கொண்டு இன்றைய நிலையை மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, உருவை மட்டும் கொள்வது. கணினியால் இயங்கும் பூத்தையல் பொறி மேல்நூல், கீழ்நூல் என இரு நூல்களால் இயங்குவது. மேல்நூல் துணியின் முகப்பில் அமைய, பாபினிலுள்ள நூல் அதனைப் பின்புறத்தில் பூட்டுகிறது. கைத்தையலோ ஒரே இழையால் நிகழ்வது. எனவே பொறிக்குத் தனி இலக்கணம் உண்டு. அது இழிந்தது எனக் கூற வேண்டியதில்லை. சூசௌவின் பியோனி மலரைப் பொறியில் தைத்து, அதனைச் 'சூசௌ மரபு' என விற்பதுதான் பிழை. அங்கு மரபின் சொல் மட்டுமே உள்ளது.

இரண்டாவது, கையை மட்டும் கொள்வது. ஒளிப்படத்தைத் துணியில் அச்சிட்டு, அதன்மேல் நிறத்திற்கு நிறம் நிரப்பித் தைக்கும் முறை இன்று பரவலாக உள்ளது. வடிவமைப்பாளர் அனுப்பும் வரைபடத்தை மாற்றமின்றித் தைக்கும் முறையும் இவ்வகையினதே. இங்குத் தையல் கையால் நிகழ்கிறது; ஆனால் தையலின் முடிவுகள் முன்னரே வேறொருவரால் எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஒளிப்படத்தோடு எவ்வளவு ஒத்துள்ளது என்பதே மதிப்பீடாகிவிடுகிறது. ஷென் ஷோவின் வழியில் தொடங்கிய மெய்யுரு நாட்டம் இந்நிலைக்கு இட்டுச்சென்றது எனச் சிலர் குறைகூறலாம். அவர் ஒளியைக் கண்டு அதனை இழையாக மாற்றினார். அச்சிட்ட துணியில் அக்காணும் செயலுக்கே இடமில்லை என்பது இரண்டிற்குமுள்ள வேறுபாடு.

மூன்றாவது, தையலிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்குவது. 2017ஆம் ஆண்டு வெனிசில் ஐம்பத்தேழாவதாக நடைபெற்ற ஈராண்டுக் கலைவிழாவில், சீன அரங்கினைச் சியு சிசியே ஒருங்கமைத்தார். சமகாலக் கலைஞர்களான வூ சியான்ஆன், தாங் நான்னான் ஆகியோரோடு, சூசௌவின் பூத்தையற் கலைஞர் யாவ் ஹுய்ஃபென்னும் நிழற்பாவைக் கலைஞர் வாங் தியான்வெனும் இணையான கலைஞர்களாகப் பங்கேற்றனர். தெற்குச் சொங் காலத்து ஓவியர் லீ சொங்கின் எலும்புக்கூட்டுப் பாவையாட்ட ஓவியத்தை யாவ் ஹுய்ஃபென் பல்வேறு தையல்முறைகளின் வழி மறுவாசிப்பிற்கு உட்படுத்தினார். அங்குப் பூத்தையலின் தையல் வகைமையே படைப்பின் பொருளாயிற்று. கலைஞரின் பெயர் அரங்கின் பெயர்ப்பட்டியலில் நின்றது.

இதனோடு ஒப்பிடத்தக்கது ஆடையலங்காரத் துறை. 2015ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியக விழாவில் பாடகி ரியானா அணிந்த மஞ்சள் நிற நீளங்கி, பெய்சிங்கின் வடிவமைப்பாளர் குவோ பெய்யை உலகறியச் செய்தது. தையற்பணிக்கு அவர் அளிக்கும் முதன்மை ஐயத்திற்கிடமில்லாதது. சீனப் பூத்தையலின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியதும் அவ்வாடையே. எனினும் செய்திகளில் அணிந்தவரின் பெயரும் வடிவமைத்தவரின் பெயருமே நிலைத்தன. தைத்தவர்கள் 'கைவினைஞர்கள்' என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்தனர். இது ஒருவரின் குறையன்று. ஆடையலங்காரத் துறை முழுவதிலும் வேரூன்றிய வழக்கமாகும்.

மியாவ் மக்கள்: ஒரு திருத்தம்

உருவைவிடத் தையல்முறையே மரபின் நிலைக்களம் என்னும் கருத்திற்கு ஒரு வரையறை தேவை. குயிசௌ மாகாணத்தின் மியாவ் மக்களிடையே பூத்தையல் விற்பனைக்குரிய கலையாகத் தோன்றியதன்று. தாயிடமிருந்து மகள் கற்று, விழாவுக்குரிய உடையைத் தானே தைத்துக்கொள்வது வழக்கம். வடிவமைப்பவரும் தைப்பவரும் அணிபவரும் ஒருவரே. குயிசௌவின் தென்கிழக்குப் பகுதியில் மாந்தர்க்கும் பிற உயிர்களுக்கும் மூதாயாகப் பழம்பாடல்களில் போற்றப்படும் பட்டாம்பூச்சித்தாய், உடைகளிலும் உருவாகிறாள். பரவலான எழுத்து வழக்கின்றி வாய்மொழியால் வாழ்ந்த மக்களுக்குப் பாடலும் உடையும் ஒன்றையொன்று விளக்கும் பனுவல்களாக இருந்தன.

இங்கு உரு வெறுஞ்சொல்லன்று, அது குலநினைவு. அணியும் சமூகத்திலிருந்து பிரித்துத் தலையணை உறையில் இடப்படும்போது அதன் பொருள் அறுந்துபோகிறது. ஆகவே நகரப் பட்டறை மரபுகளுக்குப் பொருந்தும் அளவுகோலை மியாவ் மரபிற்கு அப்படியே பொருத்தலாகாது. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்னும் அடிப்படை வினா இரண்டிற்கும் பொதுவானது. சூசௌவில் அவ்வுரிமை தனிக்கலைஞருக்கு உரியது; மியாவ் ஊர்களில் அது சமூகத்திற்கும் உரியது.

வாழ்வாதாரமும் உரிமையும்

இக்கருத்திற்கு வலிமையான மறுப்பொன்று உண்டு. நுண்ணிய கைத்தையல் மாதக்கணக்கில் உழைப்பைக் கோருவது. அதனை வாங்க வல்லோர் சிலர். எளிய பொருள்களும் பொறித்தையலும் வடிவமைப்பாளரின் ஆணைப்பணிகளுமே பலருக்கு வருவாய் தருகின்றன. முடிவெடுக்கும் உரிமையைப் பேசுவோர் அவர்களின் அன்றாடத் தேவையை மறக்கலாகாது என்பது அம்மறுப்பு. இது ஏற்கத்தக்கதே. ஆணைப்பணி இல்லாத காலம் சீனப் பூத்தையல் வரலாற்றில் இருந்ததில்லை. குவாங்சௌவின் சால்வைகளும் ஆணைப்பணிகளே.

ஆனால் வருவாயும் உரிமையும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஏடெழுதுவோரை எளிதில் மாற்றிவிடலாம். இன்று ஒருவர், நாளை பொறி. முடிவெடுக்கும் அறிவே கைவினைஞரின் உழைப்பை ஈடற்றதாக்குகிறது. அவ்வறிவு பயன்படாதுபோனால் அடுத்த தலைமுறை அதனைக் கற்கக் காரணமின்றிப் போகும். பெயரும் மதிப்பும் இல்லாத தொழிலில் இளையோர் பல்லாண்டுகளைச் செலவிட முன்வாரார்.

சீன அரசின் முயற்சிகளையும் இந்நோக்கில் காணலாம். 2011ஆம் ஆண்டு சூன் முதல் நடைமுறைக்கு வந்த அருவப் பண்பாட்டு மரபுரிமைச் சட்டம் ஆவணப்படுத்தலுக்கும் மரபுரிமைக் கலைஞர்களை அறிந்தேற்பதற்கும் வழிசெய்தது. அறிவுசார் சொத்துரிமை சார்ந்தவற்றில் அது உரிய பிற சட்டங்களையே சுட்டுகிறது. 2015இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் கைவினைஞர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அழைத்து வடிவமைப்பும் கலைவரலாறும் கற்பிக்கிறது. 2017இல் மரபுக் கைவினைகளின் புத்துயிர்ப்புத் திட்டம் வெளியிடப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கல்வியின் திசை பெரும்பாலும் ஒருபக்கமாகவே உள்ளது. பூத்தையலர் வடிவமைப்பைக் கற்கும் அளவிற்கு, வடிவமைப்பு மாணவர் பூத்தையற் சட்டத்தின் முன் அமர்ந்து இழை பிரிக்கக் கற்பதும் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். தையலின் எல்லையையும் ஆற்றலையும் அறியாத வடிவமைப்பாளர் தம் வரைபடத்தை அதன்மேல் சுமத்தவே இயலும்.

முடிவுரை

மாஷான் கல்லறையின் சங்கிலித் தையல் முதல் வெனிசு அரங்கின் படைப்பு வரை, சீனப் பூத்தையல் மாற்றத்தாலேயே வாழ்ந்து வந்துள்ளது. ஆகவே நவீன வடிவமைப்போடு கலப்பதா, வேண்டாவா என்பது உரிய வினாவன்று. எந்த நிலையில், யாருடைய அறிவின் வழி, யாருடைய பெயரில் கலப்பு நிகழ்கிறது என்பதே ஆராயத்தக்கது. இதற்கென மூன்று நடைமுறைகள் இன்றியமையாதவை. கைத்தையலும் பொறித்தையலும் விற்பனையில் வேறுபடுத்திக் குறிக்கப்பட வேண்டும். கூட்டுப் படைப்புகளில் வடிவமைத்தவரோடு தைத்தவரின் பெயரும் இடம்பெற வேண்டும். ஆவணங்களில் உருக்களின் பட்டியலைக் காட்டிலும், தையல்முறைகள் கலைஞரின் சொல்லிலேயே பதிவாக வேண்டும். நான்தோங்கில் ஷென் ஷோவின் படுக்கையருகே அமர்ந்து அவர் கூறியதை எழுதிய அறிஞரின் பணி, ஆய்வாளர் உலகிற்கு இன்றும் முன்னிற்கும் கடமையாகும்.